அட்லாண்டிக் கடக்கப் போகும் பாய்ப்படகை எப்படித் தயார் செய்வது

கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல். ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் வந்தால் லாஸ் பால்மாஸ் பாய்ப்படகுகளால் நிரம்பிவிடும். 1986 முதல் நடந்துவரும் ஏஆர்சி கூட்டுப் பயணத்தில் சேர்ந்து போகிறவர்கள் உண்டு, தனியாகக் கிளம்புகிறவர்களும் உண்டு. 40 அடிப் படகு ஒன்று நாளுக்கு 130, 140 மைல் ஓடினால் 19 முதல் 21 நாளில் அக்கரை சேர்ந்துவிடும். நான்கு பேர், ஒரு 40 அடிப் படகு, இந்த வழி என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பசிபிக் கடலில் கலாபகோஸிலிருந்து மார்கெசாஸ் தீவுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

யாரிடம் சொன்னாலும் முதலில் புயலைப் பற்றித்தான் கேட்பார்கள். அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடியும் தறுவாயிலோ, இன்னும் நல்லதாக முடிந்த பிறகோ கிளம்பினால் அந்தக் கவலை பெருமளவு தீர்ந்தது. பயணத்தின் உண்மையான சோதனை படகின் ஆட்டம். கிழக்கிலிருந்து சீராக வீசும் வியாபாரக் காற்று பின்னாலிருந்து தள்ள, படகு இரவும் பகலும் இடமும் வலமுமாக உருண்டுகொண்டே போகும், மூன்று வாரம், ஒரு நிமிடம்கூட நிற்காமல். கயிற்றைத் தேய்த்து அறுப்பது அந்த ஆட்டம், உலோகப் பின்னைக் கழற்றுவது அது, தக்காளியை நசுக்குவது அது, சமைக்கிறவர் மேல் கொதிநீரைக் கொட்டுவதும் அதுதான். எதைப் பரிசோதித்தாலும், எதை வாங்கினாலும், எங்கே வைத்தாலும் 'இது மூன்று வாரம் ஓயாமல் ஆடினால் என்ன ஆகும்' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.

இன்னொன்று, வரிசை முக்கியம். பலர் கடைசி இரண்டு வாரத்தையும் சூப்பர் மார்க்கெட்டிலேயே கழித்துவிட்டு, பாய்மரத்தின் உச்சியை ஒருமுறைகூடப் பார்க்காமல் கிளம்புகிறார்கள். மளிகை ஒரு வார வேலை, அதுவும் கடைசி வாரம். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் படகுக்கு உரியது.

பாய்மரம், கயிறு, சுக்கான்

பாய்மரத்தில் ஒருவர் ஏறியே ஆக வேண்டும். நிறுத்திக் கட்டியிருக்கும் எஃகுக் கம்பிகள் ஒவ்வொன்றும் முனையில் பொருத்துக்குள் நுழையும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றிவிட வேண்டும், 'இன்னும் பதினெட்டு இழை இருக்கிறதே' என்று விடக் கூடாது, ஏனென்றால் ஒன்று போனால் அதன் பாரம் பக்கத்து இழைகள் மேல் விழும். கம்பிகளுக்குப் பத்து வயது ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர்களே கேள்வி கேட்பார்கள். கம்பிகளைப் பொருத்தும் உலோகப் பின்கள் எல்லாவற்றிலும் பூட்டுக்கம்பி இருக்கிறதா, அதன் கூர்முனை பாயைக் கிழிக்காதபடி டேப் சுற்றியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். கடலில் போகும்போது தளத்தில் ஒரு சின்னப் பின்னோ திருகோ கிடந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்கும் வரை வேறு வேலை கிடையாது.

தேய்மானத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. காற்று பின்னால் இருக்கும்போது மெயின்சேல் என்ற முதன்மைப் பாய் பக்கக் கம்பிகள் மேலும், அவற்றை விரித்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் கழி மேலும் சாய்ந்து உரசும். உரசும் இடங்களைத் துறைமுகத்திலேயே குறித்து அங்கே ஒட்டுத்துணி தைத்துக்கொள்ளுங்கள். பாயை மேலேற்றும் ஹாலியார்ட் கயிறு உச்சியில் உருளையைத் தொடும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் அங்கேயே தேய்ந்து அறும், அதனால் தினமும் ஒரு சாண் விட்டோ இழுத்தோ இடத்தை மாற்ற வேண்டும். ஜெனோவா என்ற பெரிய முன்பாயைக் கழியில் விரித்துக் கட்டும்போது அதன் கயிறு கழிமுனையில் தேயும். அங்கே பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி உறைபோல மாட்டலாம். கூடுதல் ஹாலியார்ட் ஒன்று ஏற்கெனவே உச்சி வழியாகப் போட்டுத் தயாராக இருக்கட்டும். உருளும் படகில் பாய்மரம் ஏறுவது எலும்பை முறிக்கும் வேலை, அதைத் தவிர்க்க என்ன செலவு செய்தாலும் தகும்.

மெயின்சேலின் அடியைப் பிடிக்கும் பூம் என்ற கிடைக்கழி எதிர்பாராமல் மறுபக்கம் பாய்வதுதான் இந்த வழியில் ஆளைக் கொல்லக்கூடிய விபத்து. அதைத் தடுக்க, பூம் முனையிலிருந்து ஒரு கயிறு படகின் முன்முனையான அணியத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி, சுக்கான் பிடிப்பவர் உட்காரும் காக்பிட்டுக்கு வர வேண்டும். பூமின் நடுவிலிருந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முனை தண்ணீரில் முங்கினால் பூம் நடுவிலேயே முறியும், அதைச் செய்யாதீர்கள்.

சுக்கான் கெட்டால் பாய் நன்றாக இருந்தும் பயனில்லை. அவசரக் கைப்பிடியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துறைமுகத்தில் பொருத்திப் பார்த்தால் போதாது, வெளியே போய் அலையில் ஒரு மணி நேரம் அதைக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். சில படகுகளில் அது படுக்கைக்கு அடியில் போய் உட்காரும், திசைகாட்டி கண்ணுக்கே தெரியாது. சுக்கான் கேபிளின் இழுவை, சுக்கான் தண்டு அசைகிற இடங்கள், தண்ணீர் புகும் அடிவால்வுகள் எல்லாம் படகைக் கரையேற்றும்போதே பார்க்க வேண்டியவை. ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அதன் அளவுக்கு ஒரு மென்மரக் கூம்பு ஆப்பு கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். இரவில் தண்ணீர் ஏறும்போது ஆப்பைத் தேட நேரம் இருக்காது.

கையில் சுக்கான் பிடித்தே மூன்று வாரம் போக முடியாது. மின்சார ஆட்டோபைலட் ஒன்று, காற்றாலேயே இயங்கும் விண்ட்வேன் ஒன்று என இரண்டு வழி இருந்தால் நிம்மதி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் விண்ட்வேன் பக்கம். அதற்கு மின்சாரம் வேண்டாம், பழுதானால் ஸ்பேனரும் கயிறும் போதும்.

மின்சாரமும் டீசலும்

ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் படகில் ஆட்டோபைலட் சராசரி 4 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 100 ஆம்பியர்-மணி. ஃபிரிட்ஜ் 50. மற்றக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ், கடல் வரைபடம் காட்டும் பிளாட்டர், கருவிகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 50. விளக்கு, போன், பம்ப் சேர்த்தால் 220 பக்கம் போய்விடும். சாட்டிலைட் இணைய டிஷ் வேறு நாள் முழுக்க ஓடினால் மணிக்கு 4, 5 ஆம்பியர் கூடும், அதனால் அதை வானிலை இறக்கும் நேரத்துக்கு மட்டும் போடுவது நல்லது. சோலார் பலகையின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள். மேற்கு நோக்கிப் போவதால் பிற்பகல் வெயில் முன்னாலிருந்து வரும், பாயின் நிழல் பலகை மேல் விழும். 400 வாட் பலகை இருந்தாலும் பாதித் தேவைதான் தீரும் என்று வைத்துக்கொண்டு, மீதிக்கு நீரோட்டத்தில் சுழலும் ஜெனரேட்டரோ தினம் ஒன்றரை மணி நேர எஞ்சின் ஓட்டமோ திட்டமிடுங்கள்.

இங்கேதான் டீசல் கணக்கு வருகிறது. சின்ன எஞ்சின் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் மணிக்கு 2.5 முதல் 3 லிட்டர் குடிக்கும். 300 லிட்டர் வைத்திருந்தால் 100 மணி நேரம், 500 மைல். 2,700 மைலில் இது ஒரு துண்டு, காற்று நின்றுபோனால் எஞ்சின் போட்டுப் போய்விடலாம் என்ற எண்ணமே வேண்டாம். பேட்டரி ஏற்றவும் கடைசியில் துறைமுகம் நுழையவும் இருக்கட்டும். கடல் ஆட்டத்தில் டேங்கின் அடிக்கசடு எல்லாம் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். அதனால் டேங்கை முன்கூட்டியே சுத்தம் செய்து, ஃபில்டர் ஒரு டஜன், எஞ்சினுக்குக் குளிர்நீர் இழுக்கும் இம்பெல்லர் இரண்டு மூன்று, பெல்ட், ஒரு முறை மாற்றும் அளவு எஞ்சின் ஆயில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

உணவு குறைந்தால் பசிக்கும், தண்ணீர் குறைந்தால் ஆள் போய்விடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் என்பது குறைந்தபட்சம். 21 நாள் பயணத்துக்கு பாதி கூட்டி 32 நாள் என்று வைத்தால், நான்கு பேருக்கு 384 லிட்டர், அதாவது 400. படகில் கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருந்தாலும் இந்த 400 லிட்டர் கிளம்பும்போது கையில் இருக்க வேண்டும். கருவி தருவதைக் குளியலுக்கும் துணிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே டேங்கில் நிரப்பக் கூடாது. ஒரு டேங்க் ஓட்டையானாலும், உப்புநீர் கலந்தாலும், மற்றது தனியாக மூடியிருக்க வேண்டும். கனாரியா சூப்பர் மார்க்கெட்டுகளில் 5 லிட்டர், 8 லிட்டர் கேன்கள் கிடைக்கும், நூறு லிட்டராவது இப்படித் தனியாக இருக்கட்டும். ஜெர்ரி கேன் இரண்டை மட்டும் விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுத் தளத்தில் கட்டுங்கள், படகை விட்டு லைஃப்ராஃப்ட் என்ற உயிர்காக்கும் மிதவையில் இறங்க நேர்ந்தால் அவை மிதந்து கூடவே வரும். நன்னீராக்கும் கருவியைத் துறைமுக அழுக்கு நீரில் ஓட்டக் கூடாது. குளோரின் கலந்த குழாய்நீரால் அதை அலசவும் கூடாது, சவ்வு கெட்டுவிடும். கரி ஃபில்டர் வழியாகத்தான் அலச வேண்டும்.

சமையலிலும் மிச்சம் பிடிக்கலாம். உருளைக்கிழங்கைக் கடல்நீரிலேயே வேகவைக்கலாம். சோற்றுக்கு நான்கில் ஒரு பங்கு கடல்நீர் ஊற்றினால் தனியாக உப்புப் போட வேண்டாம். பாத்திரம் கழுவ காலால் மிதிக்கும் பம்பில் கடல்நீர், கடைசி அலசலுக்கு மட்டும் நன்னீர்.

மளிகை

1492 செப்டம்பரில் கொலம்பஸ் கடைசியாகத் தண்ணீரும் உணவும் ஏற்றியது இதே கனாரியா தீவுகளில்தான், லா கோமேரா தீவில். அவர் இங்கிருந்து கிளம்பிய காரணமும் நமக்கான காரணமும் ஒன்றே: இங்கிருந்து மேற்கே காற்று நம் பக்கம். நல்ல சந்தைகளும் இங்கே உண்டு. லாஸ் பால்மாஸில் வெகேட்டா சந்தையிலும் மெர்காடோ சென்ட்ரலிலும் கடைக்காரரிடம் 'கடல் தாண்டப் போகிறோம்' என்று முன்னமே சொல்லி வையுங்கள். குளிர்பதனத்தில் வைக்காத காய்களையே கேளுங்கள். ஒருமுறை குளிரூட்டப்பட்ட காய் வெளியே வந்தால் மளமளவென்று அழுகும். பல தலைமுறையாக சிந்தி வணிகக் குடும்பங்கள் இருக்கும் ஊர் என்பதால், தேடினால் பருப்பும் புளியும் கிடைக்கும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டாம். துறைமுகத்தில் இருக்கும்போதே ஒரு வாரம் கடலில் சாப்பிடப் போகிற மாதிரியே சமைத்து, எது எவ்வளவு தீர்ந்தது என்று எழுதி, அதை நான்கால் பெருக்குங்கள். நான்கு பேர், தினம் ஒரு வேளை சோறு என்றால் 12 கிலோ அரிசி வரும். துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் சேர்த்து 4, 5 கிலோ, ரொட்டி சுட மாவு 8 கிலோ, வெங்காயம் 8, உருளை 10, முட்டை எட்டு டஜன். ஆட்டத்தில் முதல் மூன்று நாள் யாருக்கும் சமைக்கத் தெம்பு இருக்காது. அந்த மூன்று நாளுக்கானதைக் கரையிலேயே சமைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி. நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஃபிரிட்ஜ் இல்லாமலே வாரக்கணக்கில் இருக்கும், குக்கரில் சோறு மட்டும் வைத்தால் போதும். காய் தீர்ந்த மூன்றாவது வாரத்தில் சுண்டைக்காய் வத்தல் போட்ட குழம்பு கொடுக்கும் தெம்பை டின் உணவு கொடுக்காது. அப்பளத்தைச் சுட்டுக்கொள்ளுங்கள், எண்ணெயில் பொரிப்பது கடலில் கூடவே கூடாது.

பாசிப்பயறு 2 கிலோ அவசியம். வெயில் வெதுவெதுப்பில் இரண்டே நாளில் முளை கட்டும், பச்சைக்காய் இல்லாத நாட்களில் அதுதான் காய். அதே வெதுவெதுப்பில் டப்பா பாலில் உறை ஊற்றினால் தயிர் தோய்ந்துவிடும், ஆனால் அகலமான பாத்திரம் தளும்பும், இறுக மூடும் பிளாஸ்கில் ஊற்றுங்கள்.

காய்கறியில் சாப்பிடும் வரிசைதான் எல்லாம். கீரை, பழுத்த தக்காளி, பீன்ஸ் முதல் வாரம். கத்தரி, குடமிளகாய், வெள்ளரி இரண்டாவது வாரத் தொடக்கத்துக்குள். முட்டைக்கோஸ், கேரட், பூசணி, உருளை, வெங்காயம், இஞ்சி கடைசி வரை வரும். கோஸை வெட்டாமல் வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து எடுங்கள், உள்ளே கெடாது. பச்சைத் தக்காளியைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், பழுக்கப் பழுக்க எடுக்கலாம். வாழைத்தார் தொங்கவிட்டால் படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே நாளில் பழுக்கும், பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கும், தள்ளி வையுங்கள். வெங்காயமும் உருளையும் சேர்ந்து இருக்கக் கூடாது. பழம் வைக்கும் வலைத்தொட்டிலை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டாவிட்டால் ஆடி ஆடிச் சுவரில் மோதி எல்லாம் கன்றிப்போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து எல்லாக் காயையும் கையில் எடுத்துப் பார்த்து, கெட ஆரம்பித்ததை அன்றைய சமையலுக்குத் தர வேண்டும்.

ஸ்பெயினில் முட்டையைக் கழுவாமல் விற்கிறார்கள், அதனால் ஃபிரிட்ஜ் வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அட்டையோடு தலைகீழாகத் திருப்பி வைத்தால் பயணம் முழுக்க வரும். சந்தேகம் என்றால் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் வேண்டாம்.

அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் வரும். எல்லாவற்றையும் படகுத்துறையிலேயே பிரித்து, காயைக் கழுவி, நிழலில் ஈரம் போகக் காயவைத்து ஏற்றுங்கள். பிளாஸ்டிக் உறைகளையும் அங்கேயே கழித்துவிட்டால் நடுக்கடலில் குப்பை குறையும். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் விதிப்படி பிளாஸ்டிக்கைக் கடலில் எங்கும் போடக் கூடாது, மூன்று வாரக் குப்பை உங்களோடுதான் வரும். டின்களின் மூடியில் அழியாத மார்க்கரால் என்ன என்று எழுதிவிடுங்கள், படகின் அடிக்குழியான பில்ஜின் ஈரத்தில் காகிதம் உரிந்துபோகும். பாரமானது படகின் நடுவில், தாழ்வாக. அணியத்தில் எதுவும் வேண்டாம். எந்தப் பெட்டியில் எது என்று ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி, எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே வாருங்கள்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். சிலிண்டர் இருக்கும் அறையின் வடிகால் வெளியே போகிறதா, கசிவு அலாரம் வேலை செய்கிறதா பாருங்கள். 2.7 கிலோ நீலச் சிலிண்டர் ஒன்று ரொட்டி சுடாத குடும்பத்துக்கு இரண்டு வாரம் வரலாம். மூன்று எடுங்கள். பிரஷர் குக்கர் கடலில் இரட்டிப்பு நல்லது: கேஸ் மிச்சம், கவிழ்ந்தாலும் பூட்டிய மூடி திறக்காது. கொதிக்கிறதைக் கையாளும்போது வெயிலானாலும் நீர் புகாத ரப்பர் கால்சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

தூண்டில் போட்டால் மாஹி மாஹி மீன் கிடைக்கும், ஆனால் மேற்கே போகப் போக சர்காசம் பாசி தூண்டிலில் சிக்கிக்கொண்டே இருக்கும். மீனை நம்பி உணவைக் குறைக்காதீர்கள்.

ஆட்கள், மருந்து, காகிதம்

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கடற்படையின் தாரிணி படகில் கிளம்பி, ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். இரண்டே பேர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் எல்லா வேலையும் தெரிந்தவராக இருந்தால்தான் அது நடக்கும். உங்கள் படகில் நான்கு பேர் இருந்தாலும் அதே தரம் வையுங்கள்: எஞ்சின் ஃபில்டர் மாற்ற, பாயைச் சுருக்க, ரேடியோவில் அவசரம் சொல்ல நால்வருக்கும் தெரிய வேண்டும். மூன்று மணி நேரக் காவல் முறை போதும். இரவில் காக்பிட்டை விட்டு வெளியே போகும் முன் இன்னொருவரை எழுப்பியே ஆக வேண்டும், பாதுகாப்பு வாரை மாட்டாமல் யாரும் தளத்தில் கால் வைக்கக் கூடாது. இது கேப்டனுக்கும் சேர்த்துத்தான்.

ஆபத்தில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் எபிர்ப் கருவியின் பதிவில் கரையில் இருக்கும் உறவினர் எண் சரியாக இருக்கிறதா, பேட்டரி தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். லைஃப்ராஃப்டைத் தானாக விடுவிக்கும் நீரழுத்தப் பூட்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு, பலர் மறப்பது இது. குமட்டலுக்கு சின்னரிசின் மாத்திரையை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கிளம்பும் முந்தைய இரவே தொடங்குங்கள். தீக்காய மருந்து, ஆன்டிபயாடிக், பல் அடைக்கும் தற்காலிகப் பசை இருக்கட்டும். ரோமில் 1935 முதல் இயங்கும் சிஐஆர்எம் மையம் கடலில் இருப்பவர்களுக்கு இலவசமாக மருத்துவ ஆலோசனை தருகிறது, எண்ணை மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஷெங்கன் விசா இருப்பதாலேயே மார்ட்டினிக் தீவில் இறங்கிவிட முடியாது, பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகளுக்குச் செல்லும் என்று விசாவில் குறித்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒதுங்க நேரும் தீவு அதுவாகவே இருக்கலாம், செயின்ட் லூசியாவுக்கு அடுத்த தீவு.

கிளம்பும் நாள்

பழைய மாலுமிகள் 'வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு' என்பார்கள், இன்றைக்கும் அது நல்ல வழிதான். நேரே மேற்கே வெட்டினால் காற்றில்லாத பகுதியில் மாட்டலாம். தெற்கே போவதில் இன்னொரு லாபம்: ஏதாவது உடைந்தால் சுமார் 850 மைலில் கேப் வெர்டி தீவுகளின் மிண்டெலோ துறைமுகம் இருக்கிறது, அங்கே நின்று சரிசெய்யலாம். ஆட்கள் புதியவர்கள் என்றால் ஆரம்பத்திலேயே மிண்டெலோவில் நிற்பதாகத் திட்டமிடச் சொல்வேன்.

துறைமுகம் விட்டு வெளியே வந்ததும் கடல் அமைதியாகத் தெரியும், அதைப் பார்த்து எல்லாப் பாயையும் விரிக்காதீர்கள். உயரமான தீவுகளின் ஓரத்தில் காற்று நெருக்கிக்கொண்டு பாயும். கிரான் கனாரியாவின் தென்கிழக்கே விமான நிலையத்தைத் தாண்டும்போது 15 நாட் காற்று சில நிமிடத்தில் 30 நாட் ஆகலாம். இரண்டு மடிப்புச் சுருக்கிய மெயின்சேலோடு கிளம்பி, அந்த இடத்தைத் தாண்டி, தீவு காற்றை மறைக்கும் பகுதியையும் கடந்து, காற்று சீரான பிறகு பாயை விரியுங்கள். அன்றிரவு சாப்பாடு குக்கரில் தயாராக இருக்கட்டும், காவல் முறை முதல் மணி நேரத்திலிருந்தே தொடங்கட்டும்.